கொக்கு மார்க் வண்டி

நின்னு போச்சு. பொறு, பதறாத ஆவுடை. நின்னது நீதான். ரயில்வே கேட்டு போட்டிருக்கு, பிரேக்கப் பிடிச்ச, கியர நியூட்ரலுக்குத் தள்ளுன, கிளச்சுல இருந்து கால எடுத்த, அம்புட்டுதான், எஞ்சின் சத்தத்தக் காணோம். பொங்கி வந்த பால்ல யாரோ தண்ணியத் தெளிச்ச மாதிரி அப்படியே அடங்கிட்டு. செத்துட்டா, தூங்குதா? பின்னால பொம்பளைங்க பேசிக்கிட்டேதான் இருக்காவ, ஒருத்திக்கும் இன்னும் தெரியல. பிரம்மசக்தி மதினி கதவோரமா உக்காந்து அடப்பிரதமன் பாயசத்துக்குத் தேங்காப்பால் எத்தன பால் எடுக்கணும்னு பாடம் நடத்துதா, கோமு இல்லங்கா, எஸ்தர் நடுவுல சிரிக்கா. சிரிங்க, நல்லா சிரிங்க. ஷோரூம்ல அந்தப் பிள்ள சொல்லத்தான் செஞ்சா. "மேடம், சிக்னல்ல நின்னா வண்டி தானா அணைஞ்சிரும், டீசல் மிச்சம், கிளச்ச அமுக்குனா தானா எந்திரிச்சிரும்"னா. "தானா அணையுததுக்கா தாயி புதுசு வாங்குதேன், பழைய வண்டி அதச் சும்மாவே செஞ்சிச்சே"ன்னேன். அவ சிரிச்சிட்டு, வேண்டாம்னா இந்தப் பட்டன அமுக்கிருங்க, ஆனா ஒவ்வொரு தடவ சாவி போடும்போதும் அமுக்கணும்னா. வாங்குன நாள்ல இருந்து சாமி கும்பிடுத மாதிரி அமுக்கிக்கிட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு மறந்துட்டேன். எல்லாம் மதினியால வந்தது. பூச போட்ட வண்டிதான், எலுமிச்சம்பழம் நசுக்கின வண்டிதான், "எங்க சமையல் செட்டு ஏறுதுக்கு முன்னால இன்னொருக்கா நசுக்கு"ன்னு மடியில இருந்து நாலு பழத்த எடுத்து நாலு சக்கரத்துக்கும் அவளே வச்சா. சூடம் கொளுத்தி, தேங்கா ஓடு ஒருத்தி கால்ல குத்தி, அந்தக் கலவரத்துல பட்டன யாரு நெனச்சா. சரி, அப்ப இது தூக்கம்தான். தானா அணஞ்ச தூக்கம். ஆனா அது தூக்கம்னு யாரு சொன்னா? நீயா சொல்லிக்கிடுத. பச்ச விளக்கு ஒண்ணு எரியுது. அந்தப் பிள்ள சொன்னது பச்சையா மஞ்சளா? பச்சைன்னுதான் நெனைக்கேன். நெனைக்கேன்னா என்ன நெனைக்கேன், புஸ்தகம் இங்கனதான் டப்பாவுக்குள்ள கெடக்கு, எடுத்துப் பாக்கலாம். எடுத்தா மதினி பாப்பா. வண்டி ஓட்டுதவ நடுரோட்டுல புஸ்தகத்த விரிச்சா விளங்குமா. சீட்டு மேல போட்ட கண்ணாடிப் பேப்பரக்கூட இன்னும் உரிக்கல, எங்க வீட்டுல அவுக நேத்துதான் உறை தைக்க அளவெடுத்துட்டுப் போனாவ.

வேற எங்கயாவது நின்னிருக்கக்கூடாதா. சந்தையில, பெட்ரோல் பங்குல, எங்க வேணும்னாலும். இதே கேட்டு. இதே வேப்பமரம், இதே நீலச் சாயம் போன கேட்டுக்காரர் கூண்டு, அந்தப் பக்கம் மலை, மலை மேல பஞ்சுப் பொதி கணக்கா மேகம், சாரல் விழுமா விழாதான்னு ஒரு வெக்கை. அன்னைக்கு வெயிலு. போன வருசம் கோடை, பழைய கொக்கு மார்க் கம்பெனி வேன், ஆழ்வார்குறிச்சியில சடங்கு வீட்டுச் சமையலு, இதே மூணு பேரு, இதே அண்டா, கரண்டி, கட்டுச் சாமான். கேட்டு தெறந்துதான் இருந்தது. முன் சக்கரம் தண்டவாளத்துல ஏறுச்சு, ரெண்டாவது கியருக்கு இழுத்தேன், கியர் கம்பு கையோட வந்துட்டு. பாயசத்துக்குள்ள விட்ட கரண்டி மாதிரி இங்கிட்டும் போகுது அங்கிட்டும் போகுது, எதுலயும் பிடிக்கல. கேபிள் கழண்டுபோச்சாம், அது பெறகு தெரிஞ்சது. அப்ப எஞ்சினும் நின்னுச்சு, சாவியத் திருகுனா டொக்குங்கு, மறுபடியும் டொக்குங்கு. அந்த வண்டிக்கு அந்த வியாதி உண்டு, அதனால நான் எங்க நிறுத்துனாலும் சரிவு பாத்து மூக்கு கீழ இருக்க மாதிரிதான் நிறுத்துவேன், உருட்டி விட்டுக் கிளப்பலாம்னு. ஊர்ல பாதிப்பேர் கேலி பண்ணுவாவ, ஆவுடை வண்டியும் ஆடும் மேட்டுலதான் நிக்கும்னு. தண்டவாளத்துல ஏது சரிவு. "எல்லாரும் எறங்குங்க"ன்னு கத்துனேன். பக்கக் கதவு நகரல. இழுத்துத் தள்ளுத கதவு, கொக்கு மார்க்குல அதுவும் ஒரு வியாதி, பாதியில பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கும். அன்னைக்குப் பாதி கூட வரல. ஒவ்வொருத்தியா முன் சீட்டு மேல ஏறி என் கதவு வழியா குதிச்சாவ. மதினி கடைசி. அவ உடம்புக்கு அந்தச் சந்துல மாட்டிக்கிட்டா, இடுப்பு ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, "நான் இருக்கட்டும், நீ போட்டீ"ன்னு என்னைப் பாத்துச் சொன்னா. அந்தச் சொல்லு. தூரத்துல ரயில் ஊதுது. விட்டு விட்டு ஊதுது. அவ கையப் பிடிச்சு இழுத்ததுல அவ ரவிக்க கிழிஞ்சது, என் நகம் பேந்தது. எங்கெங்கயோ இருந்து ஆள் ஓடிவந்து வண்டியத் தள்ளி அந்தப் பக்கம் விட்டாவ. கேட்டுக்காரர் நல்ல மனுசன், பெறகு தண்ணி குடுத்துட்டு, "கேட்ட மூடாம சிக்னல் விழாதும்மா, ரயிலு அங்கயேதான் நிக்கும், நீங்க பயப்பட்டதுக்கு அவசியமே இல்ல"ன்னாரு. அவசியம் இல்லாத பயம்தான், ஆனா அது இன்னும் என் முட்டியில இருக்கே. அதுக்குப் பெறகு மதினி செட்டு வேற ஆள் வண்டியில போக ஆரம்பிச்சிட்டு. அவ ஒரு வார்த்தை குத்தம் சொல்லல, சந்தையில பாத்தா "சாப்பிட்டியாட்டீ"ன்னுதான் கேப்பா. அதுதான் எனக்குத் தாங்கல. சண்ட போட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்ட கம்பெனிய மறுபடியும் ஏன் வாங்குனன்னு கேக்காத ஆளு கிடையாது. ஸ்டாண்டுல கேட்டாவ, மாமியார் கேட்டாவ, பால்காரன் கேட்டான். "கொக்கா? கொக்கு எப்பவும் ஒத்தக்கால்ல நிக்கும், ஓடாதே"ன்னான் ஸ்டாண்டுல ஒருத்தன், நான் சிரிக்கல. என்ன செய்ய, அந்தக் கம்பெனி வண்டிக்குத்தான் படி தணிவு, தரை சமம், அண்டாவ அப்படியே தள்ளி ஏத்தலாம். மத்த கம்பெனி வண்டியில ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல திட்டு, அண்டா ஏறாது, மதினி காலும் ஏறாது. சமையக்காரிகளுக்குன்னே செஞ்ச மாதிரி வண்டி, ஆனா செஞ்சவன் ஒழுங்காச் செய்யல. அதுதானே வயித்தெரிச்சல். ஒரேயடியா மோசம்னா விட்டுத் தொலச்சிருப்பேன். மெக்கானிக் சேசையா அண்ணன்தான் மொதல்ல வாயத் தெறந்தாரு. பழைய வண்டியக் கழட்டி மாட்டியே கை ஓஞ்ச மனுசன், கொக்கு மார்க்குன்னாலே காறித் துப்புவாரு. அவரு சொல்லுதாரு, "ஏ ஆவுடை, புது மாடல் ஒண்ணு டயர் மாத்த வந்துச்சு, அடியில படுத்துப் பாத்தேன், கியர் கேபிளுக்குப் பிடிப்பு மாத்திட்டான், கதவு ஓடுத தண்டும் வேற தினுசு, தப்ப ஒத்துக்கிட்டாம்மா அவன்." ஒத்துக்கிட்டான்னா? "வாயால சொல்லல, இரும்பால சொல்லியிருக்கான்"னாரு. நான் அதோட விடல. ஷோரூம்ல இருக்கவன் நல்லாத்தான் சொல்லுவான், அவன் சொல்லுக்கு என்ன மதிப்பு. ராசபாளையத்துல ஒரு டாக்சிக்காரர் ஒரு வருசமா ஓட்டுதாருன்னு நம்பர் வாங்கி முன்ன பின்ன தெரியாத மனுசனுக்குப் போன் போட்டேன். "யக்கா, பிரேக் கட்டை மாத்துனேன், வேற ஒண்ணும் பண்ணல, ஆனா ஹாரன் சத்தம்தான் பூனக்குட்டி மாதிரி இருக்கும்"னாரு. அந்தக் கொறை சொன்னாருல்லா, அதுலதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. எல்லாம் ஓஹோன்னு சொல்லியிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன். வாங்கிட்டேன். வாங்கிட்டு நேரா மதினி வீட்டுக்குத்தான் போனேன், வாசல்ல நிறுத்திட்டு உள்ள போகப் பயந்துக்கிட்டு நின்னேன். அவ வெளிய வந்து வண்டி மூஞ்சியில கொக்கப் பாத்தா, என்னைப் பாத்தா. "மதினி, அதே கம்பெனிதான், ஆனா மாறிட்டான்"னேன். அவ பெருங்காயத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா. அவளுக்கு எல்லாம் சமையல்ல இருந்துதான் வரும். ஒரு கம்பெனிக் கட்டிப் பெருங்காயம் வச்சுத்தான் பழக்கமாம், நடுவுல ரெண்டு மூணு வருசம் மாவக் கலந்து கெடுத்துட்டானாம், தூக்கி எறிஞ்சுட்டாளாம். போன தை மாசம் எங்கயோ கல்யாண வீட்டுல அதே டப்பாவப் பாத்து மோந்து பாத்தாளாம், பழைய வாசனை. "கெட்டுப்போனவன் திருந்தக்கூடாதுன்னு சட்டமாட்டீ இருக்கு"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, வெயிலுன்னு சொன்னேன்.

அவளுக்காகத்தான் இந்தப் பயமே. இன்னைக்கு இந்தக் கிளச்ச அமுக்கி இது எந்திரிக்கலன்னா முடிஞ்சது. மதினி இனி ஏறமாட்டா, யாரும் ஏறமாட்டாவ, அதுகூடப் பரவாயில்ல. எனக்குள்ள நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன், யார்ட்டயும் சொல்லல. இங்கன மறுபடியும் நின்னா சாவியக் கழட்டி வீட்டுல அவுககிட்ட குடுத்துட்டு, இந்த ஜென்மத்துல ஸ்டீயரிங்கத் தொடமாட்டேன். அவுக தையக்கடையில காஜா எடுக்கப் போயிருவேன். பதினெட்டு வயசுல டிராக்டர் ஓட்டுனவ, ஊர்ல மொத பொம்பள டிரைவர்னு பேரு வாங்குனவ, காஜா எடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்பவே அமுக்கிப் பாத்துட்டா என்ன? லேசா. எந்திரிச்சா நிம்மதி. எந்திரிக்கலன்னா? கேட்டு மூடியிருக்கு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஒரு ஆபத்தும் கிடையாது, இதுதான் பாக்க வேண்டிய நேரம். அறிவு அதான் சொல்லுது. காலு கேக்கல. பாக்காத வரைக்கும் அது தூக்கம், பாத்துட்டா என்னன்னு தெரிஞ்சிரும். இந்தக் கொஞ்ச நேரமாவது அது நல்ல வண்டியா இருக்கட்டுமே. சீ, என்ன பேச்சு இது. பரீட்சை பேப்பரத் தெறந்து பாக்காம மடியில வச்சுக்கிட்டு இருக்க பிள்ள மாதிரி. அமுக்கு. அமுக்குட்டீ. பின்னால கார்க்காரன் எதுக்கு இப்பவே ஹாரன் அடிக்கான், கேட்டே தெறக்கல, எங்க போகப் போறான்? மோட்டார் சைக்கிள்காரனுவ சந்து சந்தா நொழஞ்சு முன்னால போயி நிக்கானுவ. நாவப்பழக்காரி ஒருத்தி வந்து கண்ணாடியத் தட்டுதா, வேண்டாம்னு தலையாட்டுனேன், அவ நாக்க நீட்டிக் காட்டுதா, ஊதா நெறம். இந்நேரம் பாத்து இன்னொண்ணு. செவப்பு. பச்ச விளக்குக்குப் பக்கத்துல செவப்பா ஒரு விளக்கு எரியுது, வண்டிப் படம் போட்டு பக்கவாட்டுல ஒரு கோடு. கதவு. பக்கக் கதவு. அது எப்ப வந்துச்சு? எஞ்சின் அடங்கும்போது இல்ல, நல்லாத் தெரியும், பெறகுதான் வந்திருக்கு. பெருமாளே, கதவுமா? புதுத் தண்டு, வேற தினுசுன்னாரே சேசையா அண்ணன். பழைய வியாதி போகலியா, கொஞ்ச நாள் ஒளிஞ்சு கெடந்துச்சா? பிடரியில சில்லுன்னு காத்து படுது. சாரல் வாசனை. கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான இருக்கு, எங்கிருந்து காத்து வருது? ரப்பர் ஒழுங்கா ஒட்டலையோ. மழ வந்தா உள்ள ஒழுகுமோ. ஒரு கொறைய நெனச்சா ஒம்போது கொற வரிசையா வந்து நிக்கி. பயமா இருக்கு. ஆமா, பயம்தான், யார்கிட்ட மறைக்க, எனக்கே எதுக்கு மறைக்கணும்.

"அக்கா, ரெண்டாம் பால்ல வெந்தாத்தான் அட குழையும்"னு கோமு. "நீ சட்டி கழுவ வந்தவ, சட்டி கழுவு"ன்னு மதினி. இந்தப் பேச்ச இன்னும் எத்தன தடவ பேசுவாவ. மதினி சத்தம் இன்னைக்கு வழக்கத்தவிடக் கூடுதலா இருக்கு, எதிர்ல நிக்க மோட்டார் சைக்கிள்காரன் கூடத் திரும்பிப் பாக்கான். ஒருவேள தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சா சும்மா இருப்பாளா, குதிச்சிருப்பா. எனக்கு ஒண்ணு தோணுது. வண்டி செய்யுத இடத்துல, எந்த ஊரோ எந்த நாடோ, எவனோ ஒருத்தன் அந்தக் கேபிளக் கையில வச்சுப் பாத்திருப்பான்லா. இது கழண்டா எங்கயாவது ஒருத்தி நடு ரோட்டுல நிப்பாளேன்னு அவனுக்குத் தோணியிருக்கும்லா. தோணாமலா மாத்துனான். என் பேரு தெரியாது, இந்தக் கேட்டு தெரியாது, ஆனாலும் என்னை நெனச்சிருக்கான். அப்படி ஒருத்தன் இருக்கான்னு நெனச்சா கொஞ்சம் மூச்சு வருது. இல்ல, லாபத்துக்குத்தான் மாத்துனான், திரும்பத் திரும்பச் சரிபண்ணிக் குடுக்க முடியலன்னு மாத்துனான். மாத்திட்டுப் போகட்டுமே. எதுக்கு மாத்துனா என்ன, மாத்துனானா இல்லையா, அதான் கேள்வி. எனக்கும் பதினெட்டு வயசுல இருந்த கோவம் இப்ப இல்ல, அது பக்தி வந்ததால போகல, கத்திக் கத்தித் தொண்டை போயித்தான் போச்சு. போனது போனதுதானே.

வருது. தண்டவாளம் மொதல்ல முணுமுணுங்கும், பெறகுதான் ரயிலு. வந்துட்டு. எஞ்சின், பெட்டி, பெட்டி, சன்னல்ல ஒரு சின்னப் பிள்ள டாட்டா காட்டுது, எஸ்தர் காட்டுதா, வண்டியே நடுங்குது, வண்டி நடுங்குதா நான் நடுங்குதேனா, கையக் கீழ வச்சுப் பாத்தேன், வண்டிதான். கடைசிப் பெட்டி போச்சு. புழுதி, காத்து, வேப்பங்கொழுந்து ரெண்டு சாரல் துளியோட கண்ணாடியில வந்து ஒட்டுது. இப்ப ஒரே அமைதி. பின்னால பேச்சும் நின்னு போச்சு. கேட்டுக்காரர் சக்கரத்தச் சுத்துதாரு, கேட்டு மேல ஏறுது, மோட்டார் சைக்கிள்காரனுவ பிச்சுக்கிட்டுப் போறானுவ. எனக்கு முன்னால ரோடு காலி. ரெண்டு கோடா தண்டவாளம், மழைக்கு முந்தின வெளிச்சத்துல வெள்ளையாத் தெரியுது. கார்க்காரன் அடிக்கான் ஹாரன, அடிடா, அடி. இனி யோசிக்க ஒண்ணும் இல்ல. ஆத்தா ஆவுடை, உன் பேரத்தான் எனக்கு வச்சிருக்காவ, பாத்துக்க. அமுக்கிட்டேன்.

எந்திரிச்சிட்டு. ஒரு டொக்கு இல்ல, ஒரு இழுப்பு இல்ல, கூப்பிட்ட பிள்ள மாதிரி என்னன்னு கேட்டுட்டு எந்திரிச்சிட்டு. ஐயோ என் ராசா. பச்ச விளக்கு போயிட்டு. தூக்கம்தான், தூங்கத்தான் செஞ்சிருக்கு, நான்தான் இவ்வளவு நேரமும் சாவு வீட்டுல உக்காந்திருந்தேன். சிரிப்பும் வருது, மூக்கும் அடைக்கி. விரல் தானாப் போகுது அந்தப் பட்டனுக்கு, இனி தூங்காதேன்னு அமுக்க. அமுக்கல. கைய எடுத்து ஸ்டீயரிங்குல வச்சேன். மொத கியர், பிடிச்சிட்டு, பல்லு பல்லாப் பிடிச்சிட்டு. ஆனா அந்தச் செவப்பு இன்னும் எரியுது. போகலாமா வேண்டாமா? "மதினி, கதவு விளக்கு எரியுது, சரியாச் சாத்தலியோ"ன்னேன், குரல் என் குரலாவே இல்ல. திரும்பிப் பாத்தேன். பிரம்மசக்தி மதினி ஒரு கையால அண்டாவ அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால கதவக் கையகலத்துக்குத் தெறந்து பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. புறங்கை முழுக்கச் சாரல் துளி. காத்து அந்த வழியாத்தான் வந்திருக்கு. மூணு பேரும் என்னையே பாக்காவ. "வண்டி சத்தம் அடங்குனதுமே தெறந்துட்டேண்டீ"ன்னா மதினி. "ஒருக்கா மாட்டுனவ உடம்பு, அது சொன்ன பேச்சு கேக்கல. உனக்குத் தெரியக்கூடாதுன்னு இவளுவளையும் பேச வச்சேன், நானும் கத்திக்கிட்டே வந்தேன், தொண்டையே வறண்டுபோச்சு." "கதவு சுளுவாத் தெறந்துச்சா மதினி?"ன்னு கேட்டேன், வேற ஒண்ணும் கேக்கத் தோணல. "ஒத்த விரல்ல தெறந்துச்சு, வெண்ணெய் மாதிரி"ன்னா. பின்னால கார்க்காரன் கத்துதான், கேட்டுக்காரர் கையக் காட்டுதாரு, போங்கம்மா போங்கன்னு. தண்டவாளம் முன்னாலயே கெடக்கு. "அந்தப் பக்கம் போனப் பெறகு சாத்துங்க மதினி, இருக்கட்டும்"னேன். அவ வண்டிக்குள்ள ஒருக்கா பாத்தா, கொக்குப் படம் போட்ட என் சாவிய ஒருக்கா பாத்தா, என்னை ஒருக்கா பாத்தா. கதவ இழுத்தா. சின்னச் சத்தம், நல்ல சத்தம். முன்னால செவப்பு விளக்கு அணஞ்சது.

"சாத்திட்டேன் ஆவுடை. இனி போ."